இரு தலைநகரங்களும் ஒரு மைல் வீதியும்

'வாழ்க்கைத் தரம்' என்னும் சொற்றொடர் இன்று பெருவழக்காகிவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்வதற்குச் சிறந்த நகரங்கள் இவையெனச் சஞ்சிகைகளும் வணிக நிறுவனங்களும் வரிசைப்படுத்தி வெளியிடும் பட்டியல்களில், விஸ்கொன்சின் மாநிலத் தலைநகராகிய மடிசனும் டெக்சாஸ் மாநிலத் தலைநகராகிய ஒஸ்டினும் அடிக்கடி இடம்பெறுவன. ஏரி, நீரூற்று, இசை, நூல்நிலையம், கற்றோர் தொகை, வருமானம் முதலியன அப்பட்டியல்களின் அளவுகோல்கள். அளவுகோல்களிற் பெரும் பிழையில்லை. ஆயின், ஒரு நகரத்தின் நல்வாழ்வை அவை மண்ணிலிருந்து தானே ஊற்றெடுத்த நீர்போலக் காட்டிவிடுகின்றன. அந்நல்வாழ்வை ஆக்கியோர் யாவர், அது எவரைச் சென்றடைந்தது, எவர் அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்பன பட்டியல்கள் கேளாத வினாக்கள். அவை வரலாற்றின்பாற்பட்டவை.

இவ்விரு நகரங்களையும் ஒப்பிடுதற்குத் தக்க காரணம் உண்டு. இரண்டும் தத்தம் மாநிலத்தின் சட்டசபையையும் தலையாய பல்கலைக்கழகத்தையும் ஒருங்கே கொண்டவை. 1900ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மடிசனில் 19,164 பேரும் ஒஸ்டினில் 22,258 பேரும் வாழ்ந்தனர். ஏறத்தாழ ஒரே அளவினவாகிய இரு சிற்றூர்கள். இரண்டிலும் சட்டசபை மாளிகைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு மைல் அளவினதே. அந்த ஒரு மைலை யார் எத்திசையிற் கடந்தனர் என்பதிலேயே இந்நகரங்களின் வரலாறு பெரிதும் அடங்கியுள்ளது எனலாம்.

தோற்றத்தைப் பொறுத்தவரை இரண்டுமே தூய்மையானவையல்ல. மடிசன் நின்ற இடம் ஹோசங்க் தொல்குடியினர் 'நான்கு ஏரிகள்' எனத் தம் மொழியில் வழங்கிய நிலம். 1832ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்கள் அதனை இழந்தனர். படையினரால் மீண்டும் மீண்டும் துரத்தப்பட்டும் திரும்பி வந்தனர். 1836இல் ஜேம்ஸ் டோட்டி என்னும் நில வியாபாரி, இரு ஏரிகளுக்கு இடைப்பட்ட பூசந்தியில் தான் வாங்கியிருந்த காணியைத் தலைநகராக்குமாறு சட்டசபையினரை இணங்கச் செய்தார். வாக்களித்தோர் பலருக்கு அந்நகரிற் காணித்துண்டுகளும் கிடைத்தன. அவ்வேளையில் அங்கு நகரமே இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மூன்று ஆண்டுகளின் பின், 1839இல், டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், அதன் தலைவர் மிராபோ லமார் கொலராடோ ஆற்றங்கரையில் ஒஸ்டினை அமைப்பித்தார். அங்கே அடிமை முறையும் உடன் வந்தது. எனினும் 1861இல் ஐக்கியத்தை விட்டுப் பிரிவதா என்ற வினா எழுந்தபோது ஒஸ்டினை உள்ளடக்கிய டிராவிஸ் மாவட்டம் 450க்கு 704 என்ற வாக்குகளாற் பிரிவினையை மறுத்தது. மாநிலம் ஒருபுறமும் தலைநகர் மறுபுறமுமாக நிற்கும் முரண்பாடு அந்நாளிலேயே முளைவிட்டது.

ஒஸ்டினின் சட்டசபை மாளிகையைக் காண்போர் அதன் செந்நிறக் கருங்கல்லை வியப்பர். 1888இல் நிறைவெய்திய அம்மாளிகைக்கு மாநிலம் பணமாக விலை கொடுக்கவில்லை. மாநிலத்தின் வடகோடியில் 30 இலட்சம் ஏக்கர் நிலத்தைச் சிக்காகோ முதலாளிகளின் கூட்டு ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தது. கல்லை உடைத்தோர் குத்தகைக்கு விடப்பட்ட சிறைக்கைதிகள். கைதிகளின் கூலியற்ற உழைப்பைக் கண்டித்துக் கருங்கற் செதுக்குவோர் தொழிற்சங்கம் அவ்வேலையைப் பகிஷ்கரித்தது. ஒப்பந்தகாரரோ ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரிலிருந்து கற்கொத்தர்களைக் கப்பலேற்றுவித்தார். 62 பேர் டெக்சாசை வந்தடைந்தனர். ஒப்பந்தக் கூலிகளை அந்நிய நாட்டிலிருந்து இறக்குமதி செய்வதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியமைக்காக அவர் பின்னர் அபராதம் இறுக்க நேர்ந்தது. சட்டமியற்றும் மாளிகையே சட்டத்தை மீறிக் கட்டப்பட்டது. இதைவிடப் பொருத்தமான அடிக்கல்லை எந்தச் சிற்பியும் கற்பனை செய்திருக்க முடியாது.

மடிசனின் கதை வேறுவழிச் சென்றது. 1894இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் றிச்சட் ஈலி வேலைநிறுத்தங்களை ஆதரிப்பவர், தொழிற்சங்கத்தைச் சேராதோரை வேலைக்கமர்த்திய அச்சகத்தை மிரட்டியவர் என மாநிலக் கல்வி அதிகாரி குற்றஞ்சாட்டினார். ஆட்சிக்குழு விசாரித்து ஈலியை விடுவித்தது. அத்துடன் நில்லாது, உண்மையைக் கண்டடையும் பொருட்டு அஞ்சாது அரித்தும் புடைத்தும் பார்க்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு எனவும் அறிக்கை செய்தது. அரிதட்டையும் சுளகையும் அன்றாடம் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வுவமை விளக்க வேண்டாதது. இவ்வறிக்கையின் வாசகம் பொறித்த வெண்கலத் தகட்டை 1910ஆம் ஆண்டு வகுப்பு மாணவர் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்பாக அளித்தனர். அதனைச் சுவரிற் பதிக்க அதே ஆட்சிக்குழு 1915 வரை இணங்கவில்லை. மற்றொன்றையும் மறைத்தலாகாது. தம்மீது சாட்டப்பட்டவை உண்மையாயின் தாம் அப்பதவிக்குத் தகுதியற்றவரே என்று ஈலி தம் வாயாலேயே ஒப்புக்கொண்டிருந்தார். அவர் காத்தது தம் பெயரையே. உரிமையைக் காக்கும் வேலை பின்வந்தோருக்கு விடப்பட்டது.

பின்வந்தோர் அதனைச் செய்தனர். 1901இல் ஆளுநரான றொபேட் லா பொலெற் புகையிரதக் கம்பனிகளின் பிடியிலிருந்து சட்டசபையை விடுவிக்க முற்பட்டபோது பல்கலைக்கழகம் அவருக்குத் துணையாக நின்றது. அதே ஆண்டில் சாள்ஸ் மக்கார்தி சட்டசபைக்கென ஓர் ஆய்வு நூல்நிலையத்தை நிறுவினார். சாதாரண உழவரான உறுப்பினரும், கம்பனிகளின் வழக்கறிஞரை அண்டாமல், மசோதா வரையும் உதவியை அங்கே பெற்றனர். (இவர் வேறு, இதே மாநிலம் பிற்காலத்தில் மூதவைக்கு அனுப்பிய, பொதுவுடைமை வேட்டையாற் பேர்பெற்ற யோசப் மக்கார்தி வேறு.) 1911இல் தொழிலாளர் விபத்து நட்டஈட்டுச் சட்டமும் வருமான வரிச் சட்டமும் நிறைவேறின. தொழில் நிலைமைகளைக் கண்காணிக்க ஆணைக்குழு ஒன்றும் அமைந்தது. 1932இல் வேலையற்றோர் காப்புறுதிச் சட்டத்தை நாட்டிலேயே முதன்முதலாக இயற்றிய மாநிலம் விஸ்கொன்சின். இவற்றுட் பலவற்றின் பின்னணியில் பேராசிரியர் ஜோன் கொமன்சும் அவர் மாணாக்கரும் இருந்தனர். அம்மாணாக்கருள் ஒருவரான எட்வின் விற்றே 1935ஆம் ஆண்டின் தேசிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை வகுத்த குழுவின் நிறைவேற்றுப் பணிப்பாளராகப் பணியாற்றினார். மாநில ஊழியரின் தொழிற்சங்கம் ஒன்றும் 1932இல் மடிசனிலேயே தோன்றிப் பின்னர் நாடளாவிய பேரமைப்பாக வளர்ந்தது.

இதனைப் பேராசிரியர்களின் பெருந்தன்மை எனக் கொள்வோர் வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பவராவர். புகையிரதக் கட்டணத்தால் நசுங்கிய உழவரும் மில்வோக்கி நகரின் தொழிலாளரும் இல்லையேல் அந்த நூல்நிலையம் வெறும் ஏட்டுக்கூடமாகவே இருந்திருக்கும். 1910இல் மில்வோக்கி மக்கள் சோசலிஸ்ட் ஒருவரை நகரபிதாவாகவும் இன்னொருவரைக் காங்கிரஸ் உறுப்பினராகவும் தெரிந்தனர். 1911ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதன் மறு ஆண்டிலேயே வந்தமை தற்செயலன்று. கொமன்சின் எல்லையும் நமக்குத் தெரிதல் வேண்டும். 1907இல் அவர் வெளியிட்ட குடிவரவு பற்றிய நூல் இனங்களை உயர்ந்தவை தாழ்ந்தவை எனத் தரம்பிரிப்பது. வெள்ளைத் தொழிலாளியின் விபத்துக்கு நட்டஈடு தேடிய அதே மனத்தில் கறுப்பினத்தாரைச் சமமாகக் கருத இடமிருக்கவில்லை. மடிசனின் பிற்கால முரண்பாட்டுக்கு இது முன்னறிவிப்பாகும்.

ஒஸ்டினிற் பல்கலைக்கழகம் 1883இற் கற்பித்தலைத் தொடங்கியது. அதற்கு மேற்கு டெக்சாசில் 21 இலட்சம் ஏக்கர் வறண்ட நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது. எவரும் மதியாத அந்நிலத்தில் 1923 மே மாதத்தில் எண்ணெய் பீறிட்டது. பல்கலைக்கழகம் பெருஞ்செல்வமுடையதாயிற்று. அச்செல்வத்தைக் காவல் செய்த ஆட்சிக்குழுவிலோ மாநிலத்தின் முதலாளிகள் வீற்றிருந்தனர். 1942இல், வாரத்துக்கு 40 மணித்தியால வேலைச் சட்டத்துக்கு எதிராக டலஸ் நகரிற் கூட்டப்பட்ட கூட்டத்தின் உண்மைத் தன்மையைக் கேள்விக்குள்ளாக்கிய பொருளியல் விரிவுரையாளர் மூவர் வேலையிழந்தனர். ஜோன் டொஸ் பசோசின் நாவலொன்று பாடநூற் பட்டியலில் இருந்தமைக்காக ஆங்கில ஆசிரியர்கள் துருவி விசாரிக்கப்பட்டனர். இவற்றை வெளிப்படையாகக் கண்டித்த பல்கலைக்கழகத் தலைவர் ஹோமர் றெயினியை 1944 நவம்பர் முதலாம் நாள் ஆட்சிக்குழு பதவி நீக்கியது. ஆயிரக்கணக்கான மாணவர், 'கல்விச் சுதந்திரம்' எனப் பெயர் எழுதிய சவப்பெட்டியைச் சுமந்து, பல்கலைக்கழகத்திலிருந்து சட்டசபை மாளிகை வரை மௌன ஊர்வலம் சென்றனர்.

மடிசனில் அந்த ஒரு மைலை மசோதாக்களுடன் நடந்தனர். ஒஸ்டினிற் சவப்பெட்டியுடன் நடந்தனர். றெயினி மீள வரவில்லை. 1946இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். நாட்டின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1946 முதல் 1953 வரை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைத் தன் கண்டனப் பட்டியலில் வைத்திருந்தது.

கல்விக்கூடம் வாய்பூட்டப்பட்ட நகரில் நகரத் திட்டம் யாருக்காக வகுக்கப்படும்? ஒஸ்டினின் 1928ஆம் ஆண்டுத் திட்டமே விடை. நிறத்தின்படி குடியிருப்பை வகுக்கும் சட்டத்தை உயர் நீதிமன்றம் 1917இலேயே செல்லாததாக்கியிருந்தமையால், டலஸ் நகரிலிருந்து வந்த ஆலோசகர்கள் தந்திரமான வழியொன்றைக் காட்டினர். கறுப்பின மக்களுக்குரிய பள்ளி, பூங்கா முதலிய வசதிகளைக் கிழக்கு அவென்யூவின் கிழக்குப் பகுதியில் மாத்திரம் அளித்தால் அவர்கள் தாமாகவே அங்குக் குடிபெயர்வர் என்பதே அது. அடிமைத்தளையினின்று நீங்கியோர் நகரின் மேற்கே அமைத்திருந்த கிளாக்ஸ்வில் போன்ற குடியிருப்புகள் திட்டமிட்டு வாடவிடப்பட்டன. 1970களின் நடுப்பகுதியிலும் கிளாக்ஸ்வில் வீதிகள் செப்பனிடப்படாமலே கிடந்தன. அதற்குச் சற்று முன்னரே பெருந்தெரு ஒன்று அதன் ஒரு பகுதியை அறுத்துச் சென்றிருந்தது. கிழக்கு அவென்யூவின் மீது 1962இல் திறக்கப்பட்ட மாநிலங்களிடை நெடுஞ்சாலை, காகிதத்திற் கீறிய கோட்டைக் கொங்கிறீற்றினால் நிலைநாட்டியது. கோட்டுக்குக் கிழக்கே மெக்சிக்க மரபினர் செறிந்த பகுதியில் 1960இல் மின்னிலையம் ஒன்று எழுந்தது. அதன் இரைச்சலும் புகையும் 2007 வரை ஓயவில்லை.

பல்கலைக்கழகத்தின் பங்கும் இதிற் சிறிதன்று. ஹூஸ்டன் நகரத் தபாற்காரரான ஹீமன் ஸ்வெற் 1946இற் சட்டக் கல்விக்கு விண்ணப்பித்தபோது நிறத்தைக் காட்டி மறுத்தனர். வழக்குத் தொடரவே, சட்டசபை மாளிகைக்கு வடக்கே ஒரு கட்டிடத்தின் நிலவறையில் அவருக்கெனத் தனிச் சட்டக் கல்லூரி ஒன்றைத் திறந்தனர். ஸ்வெற் அதனுள் காலடி வைக்க மறுத்தார். 1950 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகளின் பின் பள்ளிகளில் நிறப்பிரிவினையை வீழ்த்திய தீர்ப்புக்கு இது வழிசமைத்தது. எனினும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் இளமாணி வகுப்புகளிற் கறுப்பின மாணவரை 1956 வரை சேர்க்கவில்லை.

நீரைப்பற்றிச் சிறிது கூறுதல் தகும். ஏனெனில் இரு நகரங்களின் புகழும் நீரைச் சார்ந்தது. ஒஸ்டினின் பாட்டன் நீரூற்றை மாசுறுத்தவிருந்த பாரிய கட்டிடத் திட்டத்தை எதிர்த்து 1990 ஜூன் 7ஆம் நாள் நூற்றுக்கணக்கான மக்கள் நகரசபையில் விடியவிடியப் பேசினர். 1992இல் மக்களே வாக்களித்து அவ்வூற்றைக் காக்கும் விதியை நிறைவேற்றினர். பாராட்டத்தக்க வெற்றி. ஆனால், அதே நீரூற்றிற் கறுப்பினத்தார் நீராடும் உரிமையை 1960இல் தண்ணீருக்குட் குதித்துக் கேட்டவர்கள் பள்ளி மாணவர்; அது 1962இலேயே வழங்கப்பட்டது. மடிசனிலோ நீர்ப்போர் குழாய்களில் நிகழ்ந்தது. ஈயக் குழாய்களிலிருந்து குடிநீரில் நஞ்சு கரைவதைத் தடுக்க இரசாயனம் கலப்பது எளிய வழி. அந்த இரசாயனம் ஏரிகளிற் பாசியைப் பெருக்கும் என்பதால் நகரம் அதனை மறுத்தது. 2001இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளில், வீட்டுக்காரருக்குச் செலவிற் பாதிவரை உதவி, 8,000 அளவிலான ஈயக் குழாய்களையும் அகற்றிற்று. பிளின்ற் நகரக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதை உலகம் 2015இற் கேட்டுத் திடுக்கிட்டபோது, மடிசன் அவ்வேலையை முடித்திருந்தது. வாழ்க்கைத் தரம் என்று நான் கொள்வது இதனையே: ஏரிக்கரை வீட்டிலிருப்போனுக்கும் வாடகை அறையிலிருப்போனுக்கும் ஒரே குழாயில் ஒரே நீர்.

இத்தகைய மடிசனிலும் ஒரு கிழக்கு அவென்யூ உண்டு. அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சிசிலி இத்தாலியரும் யூதரும் கறுப்பினத்தாரும் கலந்து வாழ்ந்த கிறீன்புஷ் குடியிருப்பின் பெரும்பகுதியை 1960களில் 'நகரப் புனருத்தாரணம்' என்ற பெயரில் இடித்துத் தள்ளினர். மடிசனை உள்ளடக்கிய டேன் மாவட்டத்தில் 2011இற் கறுப்பினக் குழந்தைகளுள் 100க்கு 74 பேர் வறுமையில் வாழ்ந்தனர் எனவும், வெள்ளையினக் குழந்தைகளுள் அத்தொகை 100க்கு 6ஐயும் எட்டவில்லை எனவும் 2013இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று காட்டிற்று. நாடு முழுவதற்குமுரிய இடைவெளியைவிட இது பன்மடங்கு பெரிது. பட்டியல்களிற் சராசரி வருமானத்தால் முன்னிற்கும் நகரம் இதுவே. சராசரி என்பது இல்லாதவனை மறைப்பதற்குக் கிடைத்த மிக நாகரிகமான திரை.

தொழிலாளர் உரிமையில் இரு மாநிலங்களும் எதிரெதிர்த் துருவங்களாக நின்றன. பொதுத்துறை ஊழியர் கூட்டுப்பேரம் பேசுவதை டெக்சாஸ் 1947இற் சட்டத்தால் தடுத்தது. விஸ்கொன்சினோ 1959இல் உள்ளூராட்சி ஊழியருக்கு அவ்வுரிமையை நாட்டிலேயே முதன்முதலாக வழங்கியது. இந்த வேற்றுமை 2011 பெப்ரவரியில் ஆளுநர் ஸ்கொற் வோக்கரின் மசோதாவால் தகர்க்கப்பட்டது. ஆசிரியர் உள்ளிட்ட பொது ஊழியரின் பேரம்பேசும் உரிமையை அடிப்படைச் சம்பளத்துக்குள் ஒடுக்கியது அம்மசோதா. பல்கலைக்கழகத் துணை ஆசிரியர் சங்கத்தினரும் மாணவரும் சட்டசபை மாளிகைக்குட் புகுந்து அங்கேயே உறங்கினர். ஆசிரியர் திரண்டமையால் மடிசன் பள்ளிகள் நான்கு நாள்கள் மூடப்பட்டன. மசோதா தம்மைத் தீண்டாது விலக்களித்திருந்தும் தீயணைப்புப் படையினர் இசைமுழக்கத்தோடு அணிவகுத்து வந்தனர்; இக்காட்சியின் பொருளைத் தொழிற்சங்கத்தில் உழைத்தோர் நன்குணர்வர். மசோதா மார்ச் மாதம் சட்டமாயிற்று. 2015இல் அதே ஆட்சி, உண்மையைத் தேடுதல் என்ற சொற்களைப் பல்கலைக்கழகத்தின் நோக்கக் கூற்றிலிருந்தே நீக்க வரவுசெலவுத் திட்டத்தில் வழி செய்தது. எதிர்ப்பெழவே அது வரைவிற் புகுந்த தவறு என்று கூறிப் பின்வாங்கியது. 1894இன் சுளகையே பறிக்க முனைந்த இச்செயல், வெண்கலத் தகடு சுவரில் இருப்பதனால் மாத்திரம் உரிமை இருந்துவிடாது என்பதை மடிசன் மாணவருக்கு உணர்த்தியிருக்கும்.

ஒஸ்டின் இதற்கிடையில் மாபெரும் நகராயிற்று. 1980களிற் கணினித் தொழில் அங்கே வேரூன்றியது. டெல் நிறுவனம் 1984இற் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் விடுதி அறையிற் பிறந்தது. 2020இல் மடிசனின் குடிசனம் 269,840. ஒஸ்டினின் குடிசனம் 961,855. இப்பெருக்கத்துள் ஓர் எண்ணைத் தனித்து நோக்குதல் வேண்டும். 2000 முதல் 2010 வரை ஒஸ்டினின் மக்கள்தொகை 20 வீதத்துக்கு மேல் வளர, கறுப்பினத்தார் தொகை 5 வீதத்துக்கு மேற் குறைந்தது. 1928இல் எந்தக் கிழக்குக்கு அவர்கள் தள்ளப்பட்டனரோ, அந்தக் கிழக்கின் நிலம் விலையேறியதும் அங்கிருந்தும் நகரவேண்டியவராயினர்.

அம்மாடங்களைக் கட்டியோர் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர். 2009 ஜூன் மாதத்தில் பல்கலைக்கழகத்தின் அண்மையில், மாணவர் குடியிருப்புக்கென எழுந்துகொண்டிருந்த மாடியொன்றிற் சாரம் முறிந்து மூவர் வீழ்ந்து மாண்டனர். அவ்வாண்டிலேயே தொழிலாளர் அமைப்பொன்று பல்கலைக்கழகத்தாரோடு இணைந்து கட்டிடத் தொழிலின் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. தொழிலாளர் நகரசபையின் முன் நீரருந்தா நோன்பிருந்தனர். 2010இல் நகரசபை விதியொன்றை இயற்றியது: கட்டிடத் தொழிலாளிக்கு நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 10 நிமிட ஓய்வு. நகரங்கள் இத்தகைய விதிகளைத் தாமாக இயற்றுவதைத் தடுக்கும் சட்டம் ஒன்றை டெக்சாஸ் சட்டசபை 2023இல் நிறைவேற்றியது. கைதிகள் உடைத்த கல்லாலான அதே மாளிகையில் அது நிறைவேறிய ஆண்டின் கோடையில், ஒஸ்டினில் தொடர்ந்து 45 நாள்கள் பகலின் உச்ச வெப்பம் 100 பாகை பரனைற்றுக்குக் குறையவில்லை.